மரத்தடியில் இரண்டு கடிகாரங்கள்

இரவெல்லாம் பனி கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, அமெரிக்காவின் வடமேற்கே காஸ்கேட் மலைத்தொடரில் ஸ்கீ ஓட்ட வருபவர்களில் கைதேர்ந்தவர்கள் நேராகக் காட்டுக்குள் போய்விடுவார்கள். இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த அகலமான சரிவு கண்ணெதிரே இருக்கும்போது, காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஃபிர், ஹெம்லாக் மரங்களின் இடுக்குகளில் வளைந்து வளைந்து இறங்குவது பார்ப்பவருக்கு வீம்பாகத் தெரியும். வீம்பும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அவர்களை உள்ளே இழுப்பது பனியின் தரம்.

திறந்த சரிவில் விழும் புதுப்பனியைக் காற்று சும்மா விடாது. ஓரிடத்தில் வாரிக்கொண்டு போகும், இன்னோரிடத்தில் அடித்து இறுக்கும். மிச்சமிருப்பதை வெயில் உருக்கும், இரவுக் குளிர் அதையே ஓடாக உறைய வைக்கும். மரங்களுக்கு நடுவே காற்றும் குறைவு, வெயிலும் குறைவு. அதனால் பொடிப்பனி நாள்கணக்கில் பொடியாகவே கிடக்கும். இன்னொரு வசதியும் உண்டு. மேகம் தரைவரை இறங்கிய நாளில் திறந்த சரிவில் எல்லாமே வெள்ளையாகிவிடும், மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. காட்டில் அடிமரங்களின் கருமை வழிகாட்டும். பனிச்சரிவு அபாயத்தால் மலையின் மேல்பகுதி மூடப்படும் நாள்களிலும் காட்டுப்பகுதி பெரும்பாலும் திறந்திருக்கும். (காடு என்றால் பனிச்சரிவு வராது என்ற நம்பிக்கை அரைகுறையானது. ஸ்கீ ஓட்டும் அளவுக்கு இடைவெளி உள்ள காடு, பனி சரிவதற்கும் இடம் கொடுக்கும்.)

ஆக, பனி மிக அதிகமாகப் பொழிந்த நாளில்தான் காட்டுக்குள் கூட்டம் அதிகம். அங்கே பனியைக் கெடாமல் காப்பதும் மரம், ஆளைக் கொல்வதும் மரம். அது இரண்டு விதமாகக் கொல்லும். ஒன்று மோதல், மற்றது புதைதல். செய்திகளில் இரண்டும் 'ஸ்கீ விபத்து' என்ற ஒரே தலைப்பில் வந்தாலும், உடலுக்குள் நடப்பது வேறு, மீட்பவருக்குக் கிடைக்கும் நேரம் வேறு, மீட்க வரவேண்டிய ஆளே வேறு.

மோதலை முதலில் பார்த்துவிடலாம். அதன் கணக்கு எளிது. அனுபவமுள்ள ஒருவர் சீர்செய்த சரிவில் சாதாரணமாகச் செல்லும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் மரத்தில் மோதுவதும், ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, தரையில் விழுவதும் ஆற்றல் கணக்கில் ஒன்றே. காரில் மோதினால் கார் நசுங்கி ஆற்றலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். நூறு வயது ஃபிர் மரம் எதையும் வாங்கிக்கொள்ளாது. நசுங்க வேண்டியது விலா எலும்பும் கல்லீரலும் தொடையெலும்பும்தான்.

ஹெல்மெட் இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்கத் தரநிலைப்படி ஸ்கீ ஹெல்மெட்டை ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பீடத்தின் மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். உள்ளிருக்கும் மாதிரித் தலையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், நாம் பார்த்த 43 கிலோமீட்டர் வேகத்தில் அது சோதனை அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். ஹெல்மெட்டின் நுரை அடுக்கோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். முழு வேகத்தில் வரும் தலையை அந்தக் குறுகிய தூரத்துக்குள் எந்த நுரையாலும் மென்மையாக நிறுத்த முடியாது.

இதனால் ஹெல்மெட் வீண் என்று ஆகாது. கிளை அடிப்பது, வழுக்கி விழுவது, மரத்தை உரசிக்கொண்டு போவது போன்றவற்றில் தலைக்காயங்களை அது நன்றாகவே குறைத்திருக்கிறது. குறையாதது மரண எண்ணிக்கை. அமெரிக்காவில் ஒரு பருவத்தில் 5 கோடிக்கும் அதிகமான ஸ்கீ வருகைகள் பதிவாகின்றன, சராசரியாக 40 பேர் அளவில் இறக்கிறார்கள். ஹெல்மெட் அரிதாக இருந்த காலத்திலும் எல்லோரும் அணியத் தொடங்கிய பிறகும் இந்த எண் பெரிதாக அசையவில்லை. ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜாஸ்பர் ஷீலி பல பத்தாண்டுகள் இந்த மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட வழக்கமான பலியாள் கற்றுக்குட்டி அல்ல. நன்றாக ஓட்டத் தெரிந்த ஆண், நடுத்தரக் கடினமுள்ள அகலச் சரிவில் வேகமாக வந்து, ஓரத்தில் கட்டுப்பாடு இழந்து, மரத்தில் மோதுகிறார். அடர்ந்த காட்டுக்குள் மரங்களே வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. உயிரைக் குடிக்கும் மோதல்கள் பெரும்பாலும் காட்டின் விளிம்பில்தான் நடக்கின்றன.

1997 டிசம்பர் 31 அன்று ராபர்ட் கென்னடியின் மகன் மைக்கேல் கென்னடி ஆஸ்பென் மலையில் மரத்தில் மோதி இறந்தார். ஐந்தே நாள் கழித்து, பாடகராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரான சன்னி போனோ, தாஹோ ஏரிக்கரையின் ஹெவன்லி சரிவில் அதேபோல் இறந்தார். அமெரிக்காவில் ஹெல்மெட் பற்றிய பேச்சு சூடுபிடித்தது அப்போதுதான். புதைதலைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. பிரபலங்கள் யாரும் அதில் சாகவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

புதைதல் நடக்கும் இடத்தை ஸ்கீ உலகம் மரக்கிணறு என்று அழைக்கிறது. ஊசியிலை மரங்களின் கிளைகள் தரைவரை தாழ்ந்திருக்கும். பொழியும் பனியை அவை குடைபோல் ஏந்திக்கொள்வதால் அடிமரத்தைச் சுற்றிப் பனி சேர்வது குறைவு, சேர்ந்ததும் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும். வெளியே பனி ஏற ஏற, உள்ளே மரத்தைச் சுற்றி ஒரு குழி ஆழமாகிக்கொண்டே போகும். சுற்றிலும் 3 மீட்டர் பனி என்றால் குழியும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் போகலாம். மேலிருந்து பார்த்தால் குழி தெரியாது, தாழ்ந்த கிளைகள் மறைத்துக்கொண்டிருக்கும். இலையுதிர் மரங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஜப்பானின் நிசேகோவில் பிர்ச் மரங்களுக்கு நடுவே ஸ்கீ ஓட்டுபவர்களைவிடக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் ஓட்டுபவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியிருப்பது இதனால்தான். வாஷிங்டனின் மவுண்ட் பேக்கர் ஸ்கீ மையத்தில் 1998-99 பருவத்தில் மட்டும் 1,140 அங்குலம், அதாவது சுமார் 29 மீட்டர் பனி பொழிந்தது. அது உலக சாதனை. குழிகள் ஆழமாக இதைவிட வேறு என்ன வேண்டும்?

விழுவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. மரத்தை ஒட்டித் திரும்பும்போது பலகையின் முனை குழி விளிம்பில் இறங்கினால் போதும். உடல் முன்னே சாயும், தலை முதலில் போகும். காலில் மாட்டிய பலகைகள் மேலே கிளையிலோ விளிம்பிலோ சிக்கிக்கொள்ளும். ஆள் தலைகீழ். விழுந்த அதிர்ச்சியில் கிளைகள் சுமந்திருந்த பனியும் தலைமேல் கொட்டும். கையை ஊன்றி எழலாம் என்றால் பொடிப்பனி எடையைத் தாங்காது, ஊன்ற ஊன்றக் கை உள்ளே போகும். உதற உதற மேலிருந்து இன்னும் பனி வரும். கிளறப்பட்ட பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. உருகுநிலைக்கு மிக அருகிலேயே இருக்கும் பொருள் என்பதால், உடைந்த நுண்துகள்கள் தொட்ட இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். சற்றுமுன் மாவாக இருந்தது சில நிமிடங்களில் உடலைச் சுற்றி இறுகிவிடும். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டி ஸ்னோபோர்டு ஓட்டுபவரின் நிலை இன்னும் மோசம். ஸ்கீ பலகையாவது விழும் வேகத்தில் தானாகக் கழன்றுகொள்ள வாய்ப்புண்டு, ஸ்னோபோர்டைக் கையால்தான் கழற்ற வேண்டும். கையோ கால் பக்கம் எட்டாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் தன்னார்வலர்களை, பக்கத்திலேயே காவலுடன், மரக்கிணற்றுக்குள் இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். 90 விழுக்காட்டினரால் தாமாக வெளியே வர முடியவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீ மையங்களில் பனிச்சரிவு ஏதுமின்றிப் பனியில் புதைந்து இறந்த எட்டுப் பேரைப் பற்றி மருத்துவர் ராபர்ட் கேட்மன் 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.  இப்போது இவ்வகை மரணத்துக்குப் பனிப்புதைவு மூச்சுத்திணறல் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். புதுப்பனி கனமீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. பனிக்கட்டியோ 917 கிலோ. அப்படியென்றால் புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். காற்றுக்குள் கிடப்பவருக்கு மூச்சு ஏன் முட்ட வேண்டும்? முதல் காரணம், அந்தப் பொடி வாயிலும் மூக்கிலும் புகுந்து வழியை நேரடியாக அடைத்துவிடும். அடைக்காவிட்டாலும், வெளிவிடும் காற்று விலகிப் போக வழியின்றி முகத்தருகிலேயே தங்கும். அடுத்த மூச்சில் அதே காற்று, கரியமில வாயு கூடி, உயிர்வளி குறைந்து, உள்ளே வரும். வெப்பமான ஈரமூச்சு பட்ட பனி லேசாக உருகி உடனே உறையும். சில நிமிடங்களில் முகத்துக்கு முன் ஒரு கண்ணாடிப் படலம் உருவாகி, மிச்சமிருந்த நுண்துளைகளையும் மூடிவிடும். தலைகீழாகக் கிடப்பதால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தின்மேல் அழுத்துவது வேறு. காலின் கிரிஸ்ஸம் குழுவினர் 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வெளிமூச்சை முகத்திலிருந்து அப்பால் கொண்டுபோகும் குழாய்க் கருவியுடன் புதைக்கப்பட்டவர்கள் சராசரியாக 58 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அந்தக் கருவி இல்லாமல் 10 நிமிடம்தான். சுற்றியிருந்தது அதே பனி, உள்ளிழுத்தது அந்தப் பனியின் காற்றையே.

குளிர் காப்பாற்றாதா என்றும் சிலர் கேட்பார்கள், ஏனென்றால் அப்படி ஒரு புகழ்பெற்ற சம்பவம் உண்டு. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் அருகே ஸ்கீ ஓட்டிய மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம், உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் தலைகீழாகச் சிக்கினார். 80 நிமிடம் நீரில் கிடந்த அவரது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. டிரோம்சோ மருத்துவமனை அவரை மீட்டெடுத்தது, பின்னாளில் அங்கேயே பணியும் செய்தார். அவர் பிழைத்ததன் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. பனிக்கட்டிக்கு அடியில் கிடைத்த காற்றிடைவெளியில் அவர் 40 நிமிடம் மூச்சு விட்டார். அதற்குள் ஓடும் பனிநீர் உடலைக் குளிர்வித்துவிட்டது. இதயம் நின்றபோது மூளைக்குத் தேவைப்பட்ட உயிர்வளி சொற்பம். மரக்கிணற்றில் வரிசை தலைகீழ். பனி நல்ல வெப்பக்காப்பு என்பதால் உடல் மணிக்குச் சில டிகிரிதான் குளிரும். மூச்சோ சில நிமிடங்களில் நின்றுவிடும். குளிர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் மவுண்ட் பேக்கரில் ஒரு ஸ்கீகாரரின் ஹெல்மெட் கேமராவில் பதிவான காட்சியைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். மரங்களுக்கிடையே இறங்கிக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஒரு ஸ்னோபோர்டின் அடிப்பக்கம் ஒரு கணம் படுகிறது. அவரோ தாண்டிப் போய்விட்டார். இடுப்பளவுப் பனியில் சில அடி மேலேறி வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. அந்த ஏற்றத்தைப் பார்க்கும்போது நமக்கும்தான். முதலில் கையால் தோண்டுகிறார், பிறகு முதுகுப்பையிலிருந்த சிறு ஷவலை எடுத்துப் பொருத்தித் தோண்டுகிறார். முகம் தெரிகிறது. ஆள் உயிரோடிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததால் பிழைத்த உயிர் அது.

அவர் செய்ததில் பயிற்சி தெரிந்தது. காலைப் பிடித்து மேலே இழுக்கவில்லை. இழுத்தால் ஆள் வரமாட்டார், பனிதான் உள்ளே சரியும். தலை எங்கே இருக்கும் என்று கணித்து, பக்கவாட்டிலிருந்து குடைந்து முதலில் மூச்சுவழியை அடைய வேண்டும். வாயிலுள்ள பனியை அகற்றி, காற்று போக இடம் பண்ணிய பிறகு, அந்தக் குடைவைப் பெரிதாக்கி ஆளை வெளியே எடுக்க வேண்டும். உடலை முழுசாகத் தோண்டி எடுக்க எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், மூச்சுவழிக்கு மட்டும் அவகாசமில்லை.

இனி ஸ்கீ பேட்ரோல். சிவப்புச் சட்டையில் வெள்ளைச் சிலுவை அணிந்து மலைமேல் திரியும் மீட்புக் காவலர்கள். அமெரிக்காவில் இந்த அமைப்பு ஒரு கூரைத் தகரத்தில் தொடங்கியது எனலாம். 1936 புத்தாண்டையொட்டி வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவில் ஸ்கீ ஓட்டிய காப்பீட்டுத் தரகர் மினாட் டோல் கணுக்காலை உடைத்துக்கொண்டார். உதவிக்கு வர யாருமில்லை. நண்பர் ஃபிராங்க் எட்சனும் கூட வந்தவர்களும் ஒரு தகரத்தைத் தேடிப் பிடித்து, அதில் போட்டு இழுத்து இறக்கினார்கள். அதே குளிர்காலத்தில் எட்சன் ஒரு ஸ்கீ பந்தயத்தில் அடிபட்டு இறந்தார். டோல் 1938-ல் தேசிய ஸ்கீ பேட்ரோலைத் தொடங்கினார். இன்று அதில் ஏறக்குறைய 30,000 உறுப்பினர்கள். பாதுகாப்பு ஒருபுறமிருக்க, இலவசமாக ஸ்கீ ஓட்டலாம் என்பதற்காகவும் குளிரில் நிற்கும் தன்னார்வலர்கள் அதில் ஏராளம்.

மோதல் விபத்தில் இவர்களுடைய வேலையைப் பார்த்தால் மதிப்பு தானாக வரும். அவர்களின் குடில் மலையுச்சியில் இருக்கும். எந்த விபத்துக்கும் கீழ்நோக்கிச் சறுக்கியே போய்விடலாம். அடிபட்டவருக்கு மேற்புறமாக இரண்டு பலகைகளைக் குறுக்காக நட்டுவைத்தால் அதுதான் அழைப்பு. தொடையெலும்பு உடைந்தால் சுற்றியுள்ள பெரிய தசைகள் சுருங்கி எலும்புமுனைகளை உள்ளே இழுத்துக் குத்தும், தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம். காலை நீட்டி இழுத்து நிறுத்தும் கட்டுக்கருவியை அந்த இடத்திலேயே பூட்டுகிறார்கள். முதல் உலகப்போரில் படைவீரர்களின் காலைக் காத்த தாமஸ் கட்டின் வழிவந்தது அது. பிறகு உடலுக்கு அடியில் குளிர் ஏறாமல் விரிப்பு. குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது, உள்ளே கசிவு நிற்காது என்பதால் கம்பளி இங்கே மருந்துக்குச் சமம். கடைசியில் டொபாகன் எனும் சறுக்குவண்டி. முன்கைப்பிடிகளுக்கு நடுவே ஒருவர் ஸ்கீயில் நின்று வண்டியைக் கட்டுப்படுத்துவார், செங்குத்தான இடத்தில் இன்னொருவர் பின்னால் கயிறு பிடிப்பார். அடிபட்ட பாகம் மேட்டுப்பக்கம் இருக்குமாறு கிடத்துவது பொதுவிதி. இதெல்லாம் சீரான சரிவில். காட்டுக்குள்ளிருந்து வண்டியை வெளியே எடுப்பதற்கு மரத்துக்கு மரம் கயிறு மாற்றி, ஆள் மாற்றி, பாதி தூரம் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பெரும்பாலான அமெரிக்க மையங்களில் இதற்குக் கட்டணமில்லை. கீழே ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போதுதான் பில் தொடங்கும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் பேட்ரோல்காரர்கள் லேசில் விடுவதில்லை. 2009 மார்ச்சில் கனடாவின் மோன் டிராம்ப்ளானில் கற்றுக்கொள்வோருக்கான சரிவில் விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் பேசினார், நடந்தார், முதலில் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே கசிந்த ரத்தத்தால் இரண்டு நாளில் இறந்தார். இந்த வகைக் கசிவில் மணிக்கணக்கில்கூட அவகாசம் இருக்கலாம், மருத்துவமனை சேர்ந்தால் பிழைக்கலாம். அந்த மணிகளை வீணாக்காமல் காப்பதுதான் பேட்ரோலின் வேலை.

மரக்கிணற்றுக்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. காட்டில் ஒருவரையொருவர் தவறவிட்ட இரு நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவன் கீழே, ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் அருகே வந்து நிற்கிறான். இன்னொருவன் வேறு வழியாக வருவான் என்று பத்து நிமிடம் பொறுக்கிறான், போனில் அழைத்துப் பார்க்கிறான். பிறகு பேட்ரோலிடம் சொல்கிறான். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எங்கே பார்த்தாய் என்பது. "மரங்களுக்குள்ளே" என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது? அவனே மீண்டும் லிஃப்டில் ஏறிப் போய்ச் சேர இன்னொரு பத்து நிமிடம். உயிர்வளி இல்லாத மூளை நான்கு முதல் ஆறு நிமிடத்தில் சேதமடையத் தொடங்கும். மாலையில் சரிவுகளை மூடும்போது பேட்ரோல்காரர்கள் வரிசையாகக் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கி யாரும் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்வார்கள். பனிக்குள் கிடப்பவருக்கு அந்தக் குரல் கேட்டாலும் பதில் வெளியே கேட்காது. பனி ஒலியை விழுங்கிவிடும்.

எனவே இங்கே மீட்புப் படை என்பது கூட வந்தவர் மட்டும்தான். அவரும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால்தான். 'சேர்ந்துதான் ஓட்டினோம்' என்பதற்கு ஒரே லிஃப்டில் ஏறினோம் என்று பொருள் கொள்பவர்கள் ஏராளம், அந்தப் பொருளில் அது பயனற்ற சொல். ஒருவர் பத்துப் பதினைந்து வளைவு இறங்கி நிற்க, மற்றவர் அவரைத் தாண்டிப் போய் நிற்பது என்று தவளைப் பாய்ச்சலாக இறங்கினால், தவறியவரை நோக்கி மேலேற வேண்டிய தூரம் சிறிதாகவே இருக்கும். கைக்கழிகளின் வாரைக் காட்டுக்குள் நுழையுமுன் மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும், மாட்டியிருந்தால் கை முகத்தருகே வராது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் அடிமரத்தையோ கிளையையோ கட்டிப்பிடிக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் முதல் வேலை முகத்துக்கு முன் கையால் இடம் பண்ணுவது, பிறகு அசையாமல் இருப்பது. சொல்வது எளிது, தலைகீழாகத் தொங்குபவருக்கு உடம்பு கேட்காது. விசிலைக் கழுத்துப் பட்டியிலோ சட்டை ஜிப்பிலோ கட்டிக்கொள்ள வேண்டும். பைக்குள் இருக்கும் விசிலைத் தலைகீழாகத் தேடி எடுக்க முடியாது. ஷவல் பையில், பேட்ரோலின் எண் போனில். ஆனால் அந்த எண்ணை அழைக்க வேண்டியது முகம் வெளியே தெரிந்த பிறகுதான். ஒற்றை ஆளாக இருக்கும்போது தோண்டுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பது, விதி தெரிந்தவர்களும் பதற்றத்தில் செய்துவிடும் காரியம்.